நடுக்கடலில் படகைக் கட்டி இழுப்பது: கயிறு, கட்டு, வேகம்

எஞ்சின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருவது நம் கடற்கரையில் அடிக்கடி நடக்கிற வேலை. விசிறியில் (புரொப்பெல்லரில்) வலை சுற்றிக்கொள்ளும், டீசலில் தண்ணீர் கலந்துவிடும், கியர்பாக்ஸ் போய்விடும். பக்கத்தில் தொழில் செய்கிற படகு வந்து கயிறு போடும். அப்போது கயிறு அறுவதும், கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) பிய்த்துக்கொண்டு வருவதும், ஆளுக்கு அடிபடுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கயிறு தொய்ந்து கிடந்துவிட்டுச் சட்டென்று விறைக்கிறது. சீராக இழுக்கும்போது சில நூறு கிலோ தாங்கினால் போதும் என்றிருந்த கயிறு, அந்த ஒரு வெட்டில் பல மடங்கு சுமையை வாங்குகிறது. கயிறு வாங்குவது முதல் துறைமுகத்தில் அவிழ்ப்பது வரை இங்கே சொல்லும் எல்லாமே அந்த வெட்டை வரவிடாமல் செய்வதற்குத்தான். அளவுகள் சுமார் 30 அடி பைபர் படகுக்கும் 50 அடி விசைப்படகுக்கும் பொருந்துபவை.

எந்தக் கயிறு

இழுவைக்கு ஏற்றது மூன்று புரி நைலான். சுமை ஏறும்போது நீண்டு, இறங்கும்போது சுருங்கி, அலை கொடுக்கும் வெட்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். கடையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று தொங்கும் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் 'நைலான்' என்றுதான் கேட்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். சோதித்துப் பார்ப்பது எளிது: ஒரு சாண் துண்டை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை. நைலான் மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும், ஆனால் அது நைலான் அளவுக்கு நீளாது. இரண்டு பேர் ஒரு பாகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாலிபுரொப்பிலீன் மிதப்பதால் கைமாற்ற வசதி. ஆனால் அதே அளவு நைலானில் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் இருக்கும், வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நைந்துபோகும், தறியில் (படகில் கயிறு சுற்றிக் கட்டும் குட்டைத் தூணில்) உரசினால் இளகிவிடும். அது சுமார் 165 டிகிரியிலேயே உருகும், நைலானுக்கு 220 டிகிரி வேண்டும். வேறு கயிறே இல்லாத நேரத்தில் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு அளவு பெரிதாக எடுத்து, வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

பைபர் படகுக்கு 16 மி.மீ. நைலான், 50 முதல் 60 மீட்டர், ஒரே துண்டாக. விசைப்படகுக்கு 28 முதல் 32 மி.மீ., 100 முதல் 120 மீட்டர். 16 மி.மீ. புதுக் கயிறு சுமார் 5,300 கிலோவில் அறும் என்பதால் இது மிகை என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். நனைந்தால் நைலான் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், மிச்சம் 4,700. முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், மிச்சம் 3,100. அலைவெட்டுக்கும் பழசுக்கும் இடம் விட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். ஆக 600 கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். முடிச்சுக்குப் பதிலாக முனையில் புரி பிரித்துப் பின்னிய கண் இருந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்காது. இழுவைக் கயிறு வாங்கியவுடன் இரு முனையிலும் கண் பின்னி வைத்துவிடுவது அதனால்தான். மூன்று புரி நைலானுக்குக் குறைந்தது ஐந்து பின்னல் போடுங்கள், நைலான் வழுக்கும்.

நீளத்துக்காக இரண்டு கயிற்றை இணைக்க நேர்ந்தால், ஒன்றின் கண்ணுக்குள் மற்றொன்றைக் கோத்து, சுருங்காத கண்ணி முடிச்சாக (பவ்லைன்) போடுங்கள். எவ்வளவு இறுகினாலும் பிறகு அவிழும். நடுவில் இரும்புச் சேக்கிள் (இணைப்பு வளையம்) வேண்டாம். கயிறு அறுந்தால் அந்தச் சேக்கிள் குண்டாகப் பறந்து வரும். பலம் போதாது என்று நைலானையும் பாலிபுரொப்பிலீனையும் பக்கம் பக்கமாக இரட்டைக் கயிறாகக் கட்டுவதும் தவறு. குறைவாக நீளும் கயிறுதான் மொத்தச் சுமையையும் வாங்கும். அது முதலில் அறும், பிறகு மற்றதும் அறும்.

விசைப்படகின் வின்ச்சில் இருக்கும் கம்பிவடம் அறாது என்று அதையே நேராகக் கொடுப்பவர்கள் உண்டு. கம்பி நீளாது. வெட்டு முழுவதும் தறிக்கும் பலகைக்கும் போகும். கம்பிதான் கையில் இருக்கிறது என்றால் அதன் முனையில் 15 மீட்டர் தடித்த நைலானைச் சேர்த்து, அந்த நைலான் முனையை எஞ்சின் நின்ற படகுக்குக் கொடுங்கள். வின்ச்சின் பிரேக்கை நம்பி இழுக்கக் கூடாது. கம்பியைத் தறியில் சுற்றித்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே கட்டுவது

இதில்தான் அதிகம் நின்று யோசிக்க வேண்டும். கயிறு நன்றாக இருந்தும் கட்டிய இடம் பிய்ந்து வருவதே பைபர் படகில் பெரும்பாலும் நடப்பது. ஓரச்சட்டத்தில் இரண்டு திருகாணியில் நிற்கும் கிளீட், படகைக் கரையில் நிறுத்திக் கட்டுவதற்கு மட்டும்தான். இழுபடும் படகில் அணியத்தில் (முன்முனையில்), தண்ணீர் மட்டத்துக்கு அருகில், கரையேற்றுவதற்கான வளையமோ துளையோ இருந்தால் அதுவே முதல் தேர்வு. கீழிருந்து இழுக்கும்போது மூக்கு எழும்பும். அது இல்லையென்றால் நங்கூரக் கயிறு கட்டும் அணியத்துக் கட்டை. கட்டையை அசைத்துப் பாருங்கள். ஆடினால், அதிலிருந்து ஒரு கயிற்றைப் பின்னால் உள்ள குறுக்குச்சட்டத்துக்கும் கொண்டுபோய் இறுக்கிக் கட்டி, சுமையை இரண்டு இடத்துக்குப் பகிர்ந்து விடுங்கள். நம்பக்கூடிய இடமே இல்லாத படகில், படகைச் சுற்றி வெளிப்புறமாகவே ஒரு கயிறு ஓட்டி, அது இறங்கிவிடாமல் நாலைந்து இடத்தில் ஓரத்தோடு கட்டி, முன்னால் சேரும் இடத்தில் இழுவைக் கயிற்றை மாட்டலாம்.

இழுக்கும் படகில் கேள்வி வேறு. சரியாகப் பின்முனையில் ஒரே இடத்தில் கட்டினால், அந்தப் படகு திரும்பவே திரும்பாது. சுக்கானைத் திருப்பும்போது பின்பக்கம் பக்கவாட்டில் நகர வேண்டும், கயிறு அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. விசைப்படகில் சுக்கானுக்கு முன்னால், முடிந்தவரை தாழ்வாக, நடுக்கோட்டில் உள்ள தறியில் கட்டுங்கள். உயரமான சட்டத்திலோ மேல்கட்டிலோ கட்டக் கூடாது. இழுபடும் படகு பக்கவாட்டுக்கு வந்து கயிறு குறுக்கே விறைத்தால், உயரத்தில் கட்டிய கயிறு இழுக்கும் படகையே கவிழ்த்துவிடும். பெரிய இழுவைக் கப்பல்களும் இப்படிக் கவிழ்ந்திருக்கின்றன. நொடிக்கணக்கில் நடந்துவிடும், கயிற்றை அவிழ்க்க நேரம் கிடைக்காது.

வெளியே தொங்கும் எஞ்சின் உள்ள பைபர் படகு இழுக்கும்போது கவைக் கயிறு போடுவதே வழி. பின்பக்கத்தின் இரு மூலைகளிலிருந்தும் சம நீளத்தில் இரண்டு கால்கள் வந்து எஞ்சினுக்குப் பின்னால் ஒரு புள்ளியில் சேர வேண்டும். ஒவ்வொரு காலும் அந்த இரு மூலைகளுக்கு இடையிலான அகலத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அகலம் 6 அடி என்றால் கால் 12 அடி. கால்களைக் குட்டையாக வைத்தால் கவை விரியும். விரிகோணம் 60 டிகிரியில் ஒவ்வொரு காலும் மொத்த இழுப்பில் 58 சதவீதம் வாங்கும். 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு இழுப்பையும் வாங்கும், அப்புறம் இரண்டு கால் போட்டும் பயனில்லை.

கட்டுவது எப்படி என்பதற்கு ஒரே விதி: சுமை இருக்கும்போதே அவிழ்க்க முடிய வேண்டும். இழுக்கும் படகில் தறியைச் சுற்றி முதலில் இரண்டு முழுச் சுற்று, பிறகு எட்டு வடிவில் மூன்று நான்கு மாற்றுச் சுற்று. இங்கே கயிற்றின் கண்ணைத் தறியில் மாட்டிவிட்டால், விறைத்த கயிற்றைக் கழற்ற வழியே இல்லை. இரண்டு படகிலும் கயிறு அருகே ஒரு கூர்மையான வெட்டுக்கத்தி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். படகின் அறைக்குள் பெட்டியில் இருக்கும் கத்தி இதற்கு உதவாது.

உரசும் இடம் இன்னொன்று. கயிறு படகின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் பழைய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கிழித்துச் சுற்றி, இரு முனையிலும் நூல்கயிறு போட்டுக் கயிற்றோடு கட்டுங்கள். ஹோஸ் இல்லையென்றால் நனைத்த சாக்கு. மணிக்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்து, கயிற்றை இரண்டு மூன்று அடி வெளியே விட்டு உரசும் புள்ளியை மாற்ற வேண்டும். நைலான் உரசிச் சூடேறிய இடம் கண்ணாடிபோல் பளபளக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். அந்த இடம் அடுத்த வெட்டைத் தாங்காது.

கயிறு கைமாற்றுவது

முதலில் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை பேர், தண்ணீர் ஏறுகிறதா, சுக்கான் திரும்புகிறதா, எங்கே கட்டப் போகிறார்கள். வி.எச்.எஃப். (படகு வானொலி) இருந்தால் 16-ஆம் சேனலில் கூப்பிட்டுவிட்டு வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளலாம். 'நிறுத்து', 'மெதுவாக', 'வெட்டிவிடு' என்ற மூன்றுக்கும் கைச்சைகையும் டார்ச் சைகையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் இரைச்சலில் 50 மீட்டருக்கு அப்பால் கத்துவது கேட்காது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகே மற்ற வேலை.

எஞ்சின் நின்ற படகு எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று ஓரிரு நிமிடம் பாருங்கள். அதன் பின்னாலிருந்து வந்து, காற்றை எதிர்த்தபடி, அதன் அணியத்தை ஒட்டி 8, 10 மீட்டர் இடைவெளியில் மெதுவாகக் கடந்துபோகும்போது கயிறு கொடுக்க வேண்டும். தடித்த கயிற்றை எறியாதீர்கள். 6 மி.மீ. எறிகயிறு 25 மீட்டர், முனையில் சிறு மணல் பை, அதன் மறுமுனையில் இழுவைக் கயிறு. இரும்பு நட்டோ ஈயக்குண்டோ கட்டி எறிந்தால் எதிரே நிற்பவர் தலை உடையும். கடல் மோசமாக இருந்து கிட்டப் போக முடியாவிட்டால், காலி கேனில் எறிகயிற்றைக் கட்டிக் காற்றுக்கு மேல்புறத்திலிருந்து மிதக்க விடுங்கள், அது அவர்களிடம் போய்ச் சேரும்.

தண்ணீரில் கயிறு இருக்கும்வரை பின்னோக்கி கியர் போடக் கூடாது. தேவையான அளவு மட்டும் கையால் விட்டுக்கொடுத்து, மிச்சத்தைக் கூடையிலோ தட்டிலோ மடித்து வைத்திருங்கள். சுருளாகப் போட்டால் ஓடும்போது சிக்கும். சுருளுக்குள்ளோ வளைவுக்குள்ளோ யாரும் காலை வைக்கக் கூடாது. தறிக்கு அருகில் கயிறு பிடிப்பவரின் கை தறியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். நைலான் நீண்டு சட்டென்று வழுக்கும்போது விரல் இரண்டுக்கும் நடுவே போய்விடும்.

இழுக்கத் தொடங்குவது

கட்டியாயிற்று என்று சைகை வந்ததும் கியரைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, தொய்வை அங்குலம் அங்குலமாக எடுங்கள். கயிறு தண்ணீரிலிருந்து மெல்ல எழும்பி நீர் சொட்டும். அந்தச் சொட்டு நின்று, இழைகளுக்குள் இருக்கும் தண்ணீர் பிழிந்து பொடிச்சாரலாகத் தெறித்தால் சுமை அதிகம். கயிறு மெலிந்து, தறியில் கிறீச்சிட்டால் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள். நேராக இழுப்பதைவிட முதலில் சற்றுப் பக்கவாட்டாக இழுத்து அதன் மூக்கைத் திருப்பினால் படகு எளிதில் அசையும். அசைந்த பிறகு மெல்ல வழிக்கு வரலாம்.

கயிறு விறைத்த பிறகு யாரும் அதன் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. இழுக்கும் படகின் பின்புறமும் இழுபடும் படகின் அணியமும் ஆளில்லாமல் இருக்கட்டும். இழுபட்டு நீண்டிருக்கும் நைலான் அறுந்தால் வந்த வழியே திரும்பி அடிக்கும். கயிறு தறியில் வளைந்து போகும் இடத்தில் பக்கவாட்டிலும் வீசும்.

கயிற்றின் நீளத்தை அலைதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலைமுகட்டில் ஏறி, ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கினால் கயிறு சீராக இருக்கும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு வெட்டு. ஆழ்கடலில் இதற்கு எளிய கணக்கு உண்டு. எஞ்சின் நின்ற படகில் இருந்தபடி, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை விநாடி என்று எண்ணி, அதை அதனாலேயே பெருக்கி, ஒன்றரையால் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி என்றால் சுமார் 55 மீட்டர். இரண்டு படகுக்கும் இடையே அந்த நீளமோ அதன் இரட்டிப்போ இருக்கும்படி கயிற்றை விடுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் அலை குறுகும், அங்கே கண்ணால் பார்த்துச் சரிசெய்வதுதான்.

விசைப்படகை இழுக்கும்போது கயிற்றுக்கும் இழுபடும் படகுக்கும் இடையே அதன் நங்கூரச் சங்கிலியில் 10 மீட்டர் சேர்த்தால் நல்ல பலன். சங்கிலியின் எடை கயிற்றைத் தண்ணீருக்குள் தொய்ய வைக்கும். வெட்டு வரும்போது முதலில் அந்தத் தொய்வு நிமிர வேண்டும், சுமை மெல்ல ஏறும். பாக் விரிகுடாவில் இதைச் செய்யும்போது கவனம் வேண்டும். பல இடங்களில் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. நடுவில் நின்றால் சங்கிலி தரையில் படிந்து, கிடக்கும் வலையிலோ பாரிலோ (கடலடிப் பாறையிலோ) மாட்டிக்கொள்ளும்.

வேகம்

வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பு நான்கு மடங்காகும். 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் சுகமாக வரும் கயிறு 6 நாட் வேகத்தில் அறும் நிலைக்குப் போவது இதனால்தான். பைபர் படகை 4 நாட் வேகத்தில் தொடங்கி, கடல் அமைதியாக இருந்தால் 5 வரை போகலாம். பெரிய விசைப்படகு சிறிய படகை இழுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஓட்டுபவருக்குச் சுமையே தெரியாது, தன் வழக்கமான வேகத்துக்குப் போய்விடுவார். பின்னால் வரும் படகு மூக்கைத் தூக்கி, பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் ஏறும், அல்லது இடமும் வலமுமாக வீசத் தொடங்கும். இழுக்கும் படகில் ஒருவர், கயிற்றின் நேர்க்கோட்டிலிருந்து விலகி, பின்னால் வரும் படகையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அப்படி வீசினால் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. அடுத்தது எடை. ஐஸ், மீன், வலை எல்லாவற்றையும் நடுவிலிருந்து பின்னால் நகர்த்துங்கள், ஆட்களும் பின்னால் போகட்டும். தொங்கு எஞ்சினைத் தூக்கிவிடாமல் தண்ணீரில் இறக்கி நேராகக் கட்டிவைத்தால் அது சுக்கான்போல் படகை நேர்படுத்தும். சுக்கான் உடைந்த படகின் பின்னால் ஒரு கட்டு பழைய வலையையோ கூடையையோ 15 மீட்டர் கயிற்றில் இழுபட விட்டால் வாலாகப் பிடித்துக்கொள்ளும்.

உள் எஞ்சின் படகில் இன்னொரு வேலை இருக்கிறது. இழுபடும்போது தண்ணீர் விசிறியைச் சுற்றும், அதோடு ஷாஃப்டும் சுற்றும். பல கியர்பாக்ஸ்களில் ஆயில் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். மணிக்கணக்கில் இப்படிச் சுற்றினால், கெட்டது எஞ்சின் மட்டும் என்றிருந்த படகில் கியர்பாக்ஸும் கருகும். ஷாஃப்டைப் பைப் ரெஞ்சாலோ கயிற்றாலோ சட்டத்தோடு கட்டி நிறுத்துங்கள்.

இரவில், பிறர் இடையே புகுந்துவிடாமல் இருக்க விளக்குதான் காப்பு. 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, இழுக்கும் படகு முன்நோக்கிய வெள்ளை விளக்கு இரண்டை மேலும் கீழுமாகப் போட வேண்டும். பின்விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கும் வேண்டும். பக்க விளக்குகள் எப்போதும்போல. இழுக்கும் படகின் பின்முனையிலிருந்து இழுபடும் படகின் பின்முனை வரை 200 மீட்டரைத் தாண்டினால் வெள்ளை விளக்கு மூன்று. இழுபடும் படகு பக்க விளக்கும் பின்விளக்கும் போட வேண்டும். மீன்பிடிப் படகில் இவையெல்லாம் இருக்காது. ஆபத்தில் உதவப்போன படகுக்கு அதே விதிகளில் விலக்கும் உண்டு, ஆனால் கயிற்றின்மீது வெளிச்சம் அடித்துக் காட்டவாவது வேண்டும்.

கடல் கெட்டு, கயிறு மறுபடி மறுபடி அறுந்தால் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, படகு இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ 16-ஆம் சேனலிலோ சொல்லிவிடுங்கள். யாருமில்லாத படகு மற்றவர்களுக்கு ஆபத்து.

துறைமுகத்துக்குள்

முகத்துவாரத்தில் அலை உடைகிறதென்றால் கயிற்றை அங்கேயே குறைக்காதீர்கள். பின்னாலிருந்து வரும் அலை இழுபடும் படகைத் தூக்கி இழுக்கும் படகின்மேல் எறியும். நீளமாகவே வைத்து, பின்னால் வால்கயிறு விட்டு, அலை குறையும் இடைவெளி பார்த்து நுழையுங்கள். தேங்காய்ப்பட்டணம்போல் மணல் திட்டு சேரும் முகத்துவாரங்களில், நீர் இறங்கும் நேரத்தில் இழுவையோடு நுழையவே வேண்டாம். வெளியே நங்கூரமிட்டு ஏற்றம் வரும்வரை இருப்பதே சரி.

அமைதியான நீருக்குள் வந்ததும், இழுபடும் படகைப் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொள்ளலாம். பின்னால் கயிற்றில் வைத்துக்கொண்டு படகை நிறுத்த முடியாது, அதற்குப் பிரேக் இல்லை. நடுவே டயர்களைத் தொங்கவிட்டு, இழுக்கும் படகின் பின்முனை மற்றதன் பின்முனையைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும்படி அணையுங்கள், அப்போதுதான் சுக்கான் வேலை செய்யும். முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு. அதோடு, இழுக்கும் படகின் முன்பகுதியிலிருந்து மற்றதன் பின்பகுதிக்குச் சாய்வாக ஒரு கயிறு. முன்னோக்கிய இழுப்பு முழுவதும் அந்தச் சாய்வுக் கயிற்றில்தான் விழும், அதை முதலில் இறுக்கிக் கட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இழைக்குள் தங்கும் உப்பும் மணலும் அறுக்கும். பேட்டரி அமிலம் நைலானைத் தின்றுவிடும், அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் புரிகளைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, ஓரிடத்தில் கயிறு மெலிந்திருந்தாலோ, விறைத்துப் பளபளத்தாலோ அந்தக் கயிறு இனி இழுவைக்கு ஆகாது. அதைச் சுருட்டி ஒதுக்கி வைத்தாலும், இருட்டில் அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அன்றே இரண்டு மீட்டர் துண்டுகளாக வெட்டி டயர் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.